கூலிப் புத்தகப்படி

லூமாரா மொத்தம் எத்தனை செய்தார்கள்
என்று விசாரித்தே
தொண்ணூற்றொன்றாம் வருடம் போய்க்கொண்டிருந்தது.

க்ரோனிங்கனிலிருந்து வெஸல் ஃபோன் செய்வார்:
"முந்நூறுக்குள் என்றால் ஒரு விலை.
இருநூற்றுச் சொச்சம் என்றால் வேறு விலை.
சீக்கிரம் எண்ணுங்கள்."

எதை எண்ண?
அங்கோனாவுக்குத் தெற்கே அந்தக் குன்றின் மேல்
ஆலை இப்போது மெத்தைக் கிடங்கு.
நிலவறையில் குழாய் வெடித்த குளிர்காலத்தில்
பதிவேடுகள் கூழாகிவிட்டன.
வரிசை எண்ணையும் நம்புவதற்கில்லை.
முதல் கிதாருக்கே 5001 என்று பொறித்த முதலாளி அவர்,
மிலானில் யாரும் சின்னக் கம்பெனி என்று
இளக்காரமாய்ப் பார்த்துவிடக் கூடாதாம்.
நான் கண்டதில் பெரிய எண் 5215.
நடுவில் எத்தனை எண்ணைத் தாண்டினார்களோ.

அக்கார்டியனுக்கு வாங்கி மீந்த மினுக்குத் தகடுதான்
அதற்கு மேற்தோல்.
நீலம். நீலம் தீர்ந்ததும் சிவப்பு.
நான்கு பொத்தான்கள்.
நான்காவது எதனோடும் இணைக்கப்படவில்லை,
சும்மா, அழகுக்கு.

கடைசியில் அகப்பட்டது கூலிப் புத்தகம்.
பழைய கணக்கரின் மருமகள்
அதன்மேல் பூந்தொட்டி வைத்திருந்தாள்.
காந்தச் சுருள் ஒன்றுக்கு இத்தனை லீரா,
சுற்றியவர்கள் நான்கு பெண்கள்,
ஆக மொத்தம் 612.
கிதாருக்கு மூன்று. வகுத்தால்
204.

ரேடியோ பழுது பார்க்கிறவன் நான்.
மீதியில்லாமல் வகுபடும் கணக்கு
வாழ்க்கையில் எத்தனை முறை வாய்க்கும்?
அந்த இரவிலேயே வெஸலை எழுப்பியிருப்பேன்,
ஒரு பக்கம் மட்டும் கையைப் பிடித்தது:
அறுபத்து நாலு அக்டோபர், இரண்டு வாரம்,
குறுக்கே கோடு போட்ட வெற்றிடம்.
வேலைநிறுத்தம்.

என் கிதாரின் கழுத்தடியில் முத்திரை:
அக்டோபர் 14.

திருகைக் கழற்றினேன்.
சுருள் பழுதானால் யார் கூலியில் பிடிப்பது
என்று தெரிவதற்காக
ஆளுக்கொரு நிற நூலால் முனை கட்டுவார்களாம்.
மூன்றிலும் பச்சை.
5215இலிருந்து 204ஐ, 5000ஐக் கழித்தால்
பதினொன்று நிற்கிறது.

பச்சை நூல் எர்ஸிலியாவுடையது.
தேடிப் போனேன்.
மற்ற மூவரும் அதே தெருவில்தான் இன்னும்.
நான் உட்கார்ந்திருக்கையிலேயே ஒருத்தி வந்து
இரண்டு முட்டை கடன் வாங்கிப் போனார்.
கதவு சாத்தும்வரை
நானும் வாய் திறக்கவில்லை, அவரும்.

புகைப்படத்தைப் பார்த்தார்.
"பச்சை நூல் எந்தக் கடையிலும் கிடைக்கும்."
காப்பி ஊற்றினார்.
ஒன்று இப்போது என்ன விலை போகும் என்றார்.
சொன்னேன்.
கரண்டி கோப்பைக்குள்ளேயே நின்றுவிட்டது.
பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி:
"உங்களுடையது எப்படி ஒலிக்கிறது?"

நல்ல சத்தம்.
நடுச் சுருள் மட்டும் கொஞ்சம் மெலிவு என்றேன்.

"அது கரண்ட் போன ராத்திரி,"
என்றார், "கையால் சுற்றியது."

சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததும்
மேசையில் இல்லாத துணுக்கைத் துடைத்தார்.
"இருநூற்று நான்கு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.
புத்தகத்தில் அதுதானே இருக்கிறது?"

வெஸலுக்கு எழுதினேன்:
"204. கூலிப் புத்தகப்படி."
பின்னிரண்டு சொற்களை அவர் படித்ததாகத் தெரியவில்லை.
மறு வாரமே ஃபோன்,
என்னுடையதைக் கொடுப்பேனா என்று.
விலை சொன்னார். நல்ல விலைதான்,
கடை வாடகை ஒன்றரை வருடத்துக்கு வரும்.

எண் என்ன, தேதி என்ன என்றார்.

தேய்ந்திருக்கிறது, என்றேன்,
படிக்க முடியவில்லை.